கேசட் செத்துப்போனா கேம் எங்க போகும்?

திருவிடந்தை வீட்டுப் பரண்ல பழைய டிவி கேம் கேசட் ஒண்ணு கிடைச்சுது. ஊதிப் பாத்தேன், துடைச்சுப் பாத்தேன், ஓடல. ஹாஸ்டல்ல ரூம்மேட் மொபைல்ல எமுலேட்டர் போட்டு அதே மாரியோவ ஓடவிட்டான். "மச்சி, இது லீகலா?"ன்னு கேட்டேன். சிரிச்சான்.

எமுலேட்டர் எழுதுறது தப்பில்ல. சோனி - கனெக்டிக்ஸ் வழக்கில் 2000-லயே அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், அதுக்காகச் செய்த ரிவர்ஸ் இன்ஜினியரிங்கை ஃபேர் யூஸ் என்றது. சிக்கல் கேம் ஃபைல்லதான். நம்ம பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, முறையா வாங்கின ப்ரோக்ராமுக்கு பேக்கப் எடுக்கலாம். நெட்ல சுட்டது அதுல வராது. என் கேசட்டும் '9999 இன் 1' டூப்ளிகேட்தான். அதனால நான் யோக்கியன்னு சொல்ல வரல.

1985-ல் வந்த மாரியோவுக்கு இங்கே 2045 முடியும்வரை உரிமை உண்டு. சரி, அதை இன்னும் விக்கிறாங்க. யாருமே விக்காத கேம்? அமெரிக்காவில் 2010-க்கு முன் வந்த கேம்களில் 87% இப்போ விற்பனையில் இல்லைன்னு வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் சொன்னது.

2012 திருத்தப்படி, வணிக நோக்கமில்லாத பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாக்க டிஜிட்டலாக்கலாம். ஆனா அதோட டிஜிட்டல் அல்லாத பிரதி நூலகத்துகிட்ட இருக்கணுமாம். கேம் பிறந்ததே டிஜிட்டலாத்தானே! அந்த ஒரு நிபந்தனையை மாத்துங்கன்னுதான் கேக்கிறேன்.

ஓலைச்சுவடியைக் கரையான் தின்ன கதைய ஸ்கூல்ல படிச்சு வருத்தப்பட்டோம். அடுத்தது கேசட்டா?