நெடுந்தீவில் குதிரை மட்டும்தானா?

குறிகட்டுவானில் படகேறி, ஒரு மணித்தியாலம் கடலில் ஆடி நெடுந்தீவில் இறங்குகிறோம். பின்னேரம் திரும்பும்போது கமராவில் இருநூறு படங்கள். இரவே முகநூலில் ஏற்றிவிடுகிறோம்: கட்டாக்காலிக் குதிரை, பெருக்குமரம், கல்வேலி, ஒல்லாந்தர் கோட்டை. கடலுக்கு இல்லாத நீலத்தை எடிட்டில் கொடுத்து, 'சொர்க்கம்' என்று எழுதுகிறோம்.

சொர்க்கமாம்! கோடையில் குடிதண்ணிக்குச் சனம் படுகிற பாடு எங்கட படத்தில் எங்கே? அந்த வறட்சியில் சாகிற குதிரை எங்கே? 1985 மே 15இல் குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்களின் நினைவுத்தூபி இறங்குதுறையடியிலேயே நிற்கிறது. ஒருத்தரும் கமராவைத் திருப்பவில்லை. லைக் விழாதே!

ஆனால் வேலியோரம் நின்ற ஆச்சியை மட்டும் கேட்காமலே எடுத்தோம். அவவின்ர முகச்சுருக்கம் எங்களுக்குக் 'கலை'. "எடுக்கலாமோ ஆச்சி?" எண்டு கேட்டால் வெளிச்சம் ஓடிவிடுமா?

"நாங்கள் பொழுதுபோக்குக்குத்தானே எடுக்கிறம்" எண்டு தப்ப ஏலாது. அங்கே போகாதவனுக்கு எங்கட படம்தான் நெடுந்தீவு.

அழகை எடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. குதிரையோடு வத்தின குளத்தையும் எடுப்போம். ஆச்சியைக் கேட்டு எடுப்போம். எடுத்ததை முகநூலுக்கு முதல் ஆச்சிக்குக் காட்டுவோம்.