எந்த டிஸ்க் வாங்கி வர, சார்?

அமெரிக்காவில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் பொங்கலுக்கு ஊர் வருகிறான். "சார், உங்களுக்குப் பிடிச்ச 'இன் த மூட் ஃபார் லவ்' 4கே டிஸ்க் வந்திருக்கு, வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டான். வேண்டாமப்பா, 2012-இல் வந்த ப்ளூரே கிடைத்தால் அதைக் கொண்டு வா என்றேன். ஏன் சார் என்றான். போனில் சொல்லி முடியவில்லை, அதனால் இங்கே.

2000-இல் வொங் கர் வாய் எடுத்த படம். 1962, ஹாங்காங். அடுத்தடுத்த வீட்டில் குடியிருக்கும் இருவர். இவள் கணவனுக்கும் அவன் மனைவிக்கும் தொடர்பு இருப்பது மெல்லத் தெரியவருகிறது. பிறகு இவர்களுக்குள்ளும் ஒன்று முளைக்கிறது, வாய்விட்டுச் சொல்லிக்கொள்வதில்லை. சொல்லாததையெல்லாம் நிறம்தான் சொல்லும். விடுதி நடையில் ஆடும் அந்தச் சிவப்புத் திரைச்சீலைகளை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

2021-இல் கிரைடீரியன் நிறுவனம் வெளியிட்ட தொகுப்புக்காக, இயக்குநரே உட்கார்ந்து நிறத்தை மாற்றிவிட்டார். படம் துல்லியமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கும் பச்சையும் மஞ்சளும் படர்ந்துவிட்டது. பிறகு வந்த 4கே டிஸ்க்கிலும் அதே நிறம்தான். தான் முதலில் மனதில் கண்ட படம் இதுதான் என்பது அவர் வாதம்.

அவர் படம், அவர் உரிமை என்பீர்கள். இருக்கட்டும். ஆனால் விடைத்தாளைக் கொடுத்துவிட்டு, மணியடித்த பிறகு "சார், ஒரு வரி மட்டும்" என்று திரும்பி ஓடிவந்தவர்களை நான் விட்டதில்லையே! (யார் யாரென்று அவர்களுக்கே தெரியும்.) திருத்திய பதிப்பு வரட்டும், பழையதும் அலமாரியில் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இன்னொன்றும் உண்டு. உங்கள் டீச்சரம்மாவும் நானும் இதை டிவிடியில் நாலைந்து முறை பார்த்திருக்கிறோம். கதாநாயகி சிவப்புக் கோட்டில் வரும்போதெல்லாம் "இந்தச் சிவப்பில் ஒரு புடவை கிடைக்குமாங்க?" என்பாள். இரண்டு தீபாவளி தேடினோம், கிடைக்கவில்லை. இப்போது அவள் இல்லை. அந்தச் சிவப்பாவது எனக்கு அப்படியே வேண்டும்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அமெரிக்க ப்ளூரே 'ஏ' மண்டலம், நம் நாடு 'சி'. இங்கே வாங்கிய பிளேயரில் ஓடாமல் போகலாம். 4கே டிஸ்க்குக்கு இந்தப் பூட்டு கிடையாது. அதனால் அவனிடம் எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் ஒன்றையும் கேட்டிருக்கிறேன், பணம் நான்தான் தருவேன் என்ற நிபந்தனையோடு.

பொங்கல் கழிந்த ஞாயிறு மாலை நம் வீட்டில் போடுகிறேன். வருகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், காபிக்குப் பால் சொல்ல வேண்டும்.