மந்திரவாதிக்கு வரம்பு

ஆட்டத்தில் நடுநிலை வேண்டும் என்பதை மறுப்பார் இலர். ஆயினும் இரு பக்கத்தார்க்கும் ஒரே படையும் ஒரே வலியும் அளித்துவிட்டால் நடுநிலை தானே அமைந்துவிடும் என்று கருதுவோர் பலர். நம் நாட்டு ஆடுபுலி ஆட்டத்தை நோக்குவோர்க்கு அக்கருத்தின் பொருந்தாமை எளிதில் விளங்கும். அதில் புலிகள் 3, ஆடுகள் 15. புலி தாவி வெட்டும். ஆடு வெட்டாது, சூழ்ந்து அடைக்கும். ஆடுகள் அனைத்தையும் இறக்கி முடிக்குமளவும் ஒன்றையும் நகர்த்தலாகாது. எத்தனை ஆடுகள் வெட்டுண்டால் புலிக்கு வெற்றி என்பது மட்டும் ஊருக்கு ஊர் வேறுபடும். ஆகையால் திண்ணையில் அமர்வோர் காயை எடுக்குமுன் அதனைப் பேசி முடித்துக்கொள்வர். இவ்வாறு ஆடுவோர் தமக்கென வகுத்துக்கொள்வதனை இக்காலத்து மாணாக்கர் 'ஹவுஸ் ரூல்' என வழங்குகின்றனர். யாம் அதனை உள்விதி என்போம்.

இங்கு யாம் பேசப் புகுந்தது வேறோர் ஆட்டத்தின் உள்விதி பற்றியதாகும். 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் ஊரினின்றும் வெளிவந்தது 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. அதனை ஆக்கியோர் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர். நால்வர் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் போர்வீரனாகவும் ஒருவர் திருடனாகவும் ஒருவர் மந்திரவாதியாகவும் வேடம் பூண்டு, கதை நடத்துவோர் ஒருவர் சொல்லும் இடுக்கண்களைப் பேச்சாலும் பகடையாலும் கடந்து செல்வதே இவ்வாட்டம். நம் பழைய மாணவருள் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையிலும் காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் பணிபுரிவோர் சிலர் விடுமுறை நாட்களிற் கூடி இதனை ஆடி வருகின்றனர். விடுதி மாணாக்கரும் அவர்பாற் கற்றுக்கொண்டனர். சீட்டாட்டத்தினும் இது நன்று என்பது எம் துணிபு. தோற்றவர் பொருளிழப்பதில்லை, பேசத் தெரியாதவரும் இரண்டொரு திங்களிற் பேசப் பழகிவிடுகின்றனர்.

ஆயின் எல்லா மேசைகளிலும் ஒரே முறையீடு எழுகின்றது. மந்திரவாதியே யாவற்றையும் செய்துவிடுகின்றான். ஏனையோர்க்கு வேலை இல்லை என்பதே அது. முறையீட்டிற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2014-ஆம் ஆண்டில் வந்த ஐந்தாம் பதிப்பின்படி, ஐந்தாம் நிலையை எய்திய போர்வீரன் தன் முறை வருங்கால் இருமுறை வாள் வீசலாம். இரண்டும் பட்டால் சராசரி 17 புள்ளி அளவிற்குப் பகைவன் ஒருவன் ஊறுபடுவான். அதே நிலையினனான மந்திரவாதி தீக்கோளம் ஒன்றை எறிவானாயின், 20 அடி ஆரத்துள் நின்றார் ஒவ்வொருவர்க்கும் சராசரி 28 புள்ளி. தப்பியவர்க்கும் அதிற் பாதி. பகைவர் அறுவர் நெருங்கி நின்றால் அறுவரும் வீழ்வர். அதன்பின் போர்வீரனாக அமர்ந்திருக்கும் நண்பர் தம் கைப்பேசியை எடுத்துப் பார்க்கத் தொடங்குகின்றார். அடுத்த வாரம் அவர் வருவதில்லை. நண்பர் ஒருவரை இழப்பதற்கா ஞாயிற்றுக்கிழமை கூடுகின்றோம்?

இக்குறையை நீக்க எண்ணுவோர் பெரும்பாலும் மந்திரவாதியின் கையை வெட்டுகின்றனர். தீக்கோளத்தின் பகடைகளைக் குறைப்பர். அல்லது மந்திரம் ஓதுந்தோறும் பகடை உருட்டித் தவறினால் ஓதினவனே எரிவான் என்பர். பின்னதை யாம் சிறிதும் ஒப்பவில்லை. பகடை தவறினால் தீ அருகில் நிற்கும் போர்வீரனையும் சுடும். அவனுக்கு உதவ எழுந்த விதி அவனையே வாட்டும். எல்லா வேடத்தார்க்கும் ஒரே அளவான ஆற்றலை ஒரே அமைப்பில் வகுத்தளித்தால் என்ன என்று கேட்பாரும் உளர். 2008-இல் வந்த நான்காம் பதிப்பு பெரிதும் அவ்வழியே சென்றது. கணக்கு நேராயிற்று; ஆனால் வாளும் மந்திரமும் ஒரே சுவையாயின என்று பலர் முகஞ்சுளித்தனர். உப்பும் புளியும் ஒரே சுவையாயின் குழம்பு எதற்கு?

எம் கருத்து வேறு. மந்திரத்திற்குரிய விலை நூலிலேயே எழுதப்பட்டுள்ளது. நம் மேசைகளில் அது வசூலாவதில்லை. வசூலாகாமைக்குக் காரணம் இரண்டு. இரண்டும் நம் வாழ்க்கை நிலையினின்றும் வந்தவை. ஆட்டத்தை ஆக்கியோர் மீது பழியில்லை.

முதலாவது காலம். ஐந்தாம் நிலை மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு முதல்தர மந்திரம் 4 முறை, இரண்டாந்தரம் 3 முறை, மூன்றாந்தரம் 2 முறை. தீக்கோளம் மூன்றாந்தரத்தது. இடையே சிறிது இளைப்பாறி நாளில் ஒருமுறை மட்டும் ஒரு பகுதியை மீட்டுக்கொள்ளலாம். எஞ்சியவை எட்டு மணி நேர நெடு ஓய்விற்குப் பின்னரே மீளும். கதை நடத்துவோர்க்கென எழுதப்பட்ட நூலோ, இத்தகைய கதைநாள் ஒன்றில் ஆறு முதல் எட்டு மோதல்களை வீரர் தாங்குவர் என்று கணக்கிடுகின்றது. அக்கணக்கின்படி மந்திரவாதி கஞ்சனாக இருந்தே தீரவேண்டும். போர்வீரனின் வாளோ தேய்வதில்லை.

நம்மவர் நிலை யாது? தொழிற்சாலைகளில் முறைவேலை. இரவு முறை முடித்தவர் உறங்கி எழுந்து வரவேண்டும். மாலை முறைக்குரியவர் நடுவே எழுந்து போகவேண்டும். கும்மிடிப்பூண்டியினின்று மின்சார இரயிலில் திருவள்ளூர் வருவோர் பேசின் பிரிட்ஜ் வரை தெற்கே போய், வண்டி மாறி மேற்கே திரும்பவேண்டும். ஆக ஆடக் கிடைப்பது மூன்று மணி நேரம். அதற்குள் நிகழ்வது ஒரு மோதல். அடுத்த கூட்டத்தில் "சரி, விடிந்துவிட்டது" என்று தொடங்கிவிடுகின்றனர். எட்டு மோதல்களுக்கென அளந்து கொடுத்த சோற்றை ஒரே பந்தியில் உண்பவன் பருத்துத்தானே தோன்றுவான்?

ஆகவே எம் முதல் உள்விதி இது: கூட்டம் கலைவதனால் கதையில் இரவு வந்துவிடாது. செலவிட்ட மந்திரங்களை ஒரு சீட்டிற் குறித்துக் கதை நடத்துவோரிடம் ஒப்படைக்கவேண்டும். அடுத்த கூட்டம் அச்சீட்டினின்றே தொடங்கும். நான்கு மோதல்கள் கழிந்த பின்னரோ, காவலுடைய ஊர் ஒன்றை அடைந்த பின்னரோதான் நெடு ஓய்வு. இது நூலுக்கு முரணன்று. நெடு ஓய்விற்கு எட்டு மணி நேரத்திற்கு மாறாக ஏழு நாட்களைக் கொள்ளும் மாற்றுவிதி ஒன்றை அந்நூலே காட்டுகின்றது. மந்திரவாதி வெறுங்கையனாவானே என்று இரங்கவேண்டா. செலவின்றி எத்துணை முறையும் ஏவத்தக்க சிறுமந்திரங்கள் அவனுக்கு உண்டு. ஐந்தாம் நிலையில் அவன் எறியும் தீக்கொள்ளி பட்டால் சராசரி 11 புள்ளி. போர்வீரனின் 17-க்கு அஃது சற்றுக் கீழ், அவ்வளவே.

இரண்டாவது காரணத்தைச் சொல்லச் சிறிது தயக்கமாகவே உள்ளது. ஆயினும் அதுவே பெரிது. நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. ஆட்டக்காரர் கைந்நூலில் மந்திரங்களின் விளக்கம் மட்டும் ஏறக்குறைய 80 பக்கம். போர்வீரனுக்குரியதோ சில பக்கமே. இதன் பயன் யாது? ஆங்கிலவழிப் பள்ளியிற் பயின்றவர் மந்திரவாதியாகின்றார். தமிழ்வழியில் வந்தவர் வாளை எடுத்துக்கொள்கின்றார். எவரும் எவரையும் அவ்வாறு ஏவவில்லை. தாமாகவே அமர்ந்துகொள்கின்றனர். வகுப்பறையில் முன் பெஞ்சும் பின் பெஞ்சும் எங்ஙனம் நிரம்புகின்றனவோ அங்ஙனமே மேசையும் நிரம்புகின்றது.

அதன்பின் நிகழ்வதைக் காண்க. ஆளைக் கட்டும் மந்திரம் ஒன்று உண்டு. மனித வடிவினர்க்கன்றி விலங்கிற்குச் செல்லாது. பூட்டைத் திறக்கும் மந்திரம் 300 அடி தொலைவிற்குக் கேட்குமாறு ஓசை எழுப்பும். திருடன் ஓசையின்றித் திறப்பதன் அருமை அங்கேதான் உள்ளது. மனத்தை ஒருமுகப்படுத்தி நிறுத்தவேண்டிய மந்திரங்களில் ஒரு நேரத்தில் ஒன்றே நிற்கும். ஓதியவன் அடிபட்டால் அதுவும் குலையலாம். இவை யாவும் நூலில் உள. ஆனால் நூலைப் படித்தவர் மேசையில் ஒருவரே; அவரே மந்திரவாதி. கரடி கட்டுண்கின்றது, பூட்டு அரவமின்றித் திறக்கின்றது, இரண்டு மந்திரங்கள் ஒருங்கே நிற்கின்றன. அவர் வஞ்சகர் என்று யாம் கூறவில்லை. தமக்குப் பாதகமான வரியை விரைந்து படிப்பது மனித இயல்பு. கேட்பார் இல்லாவிடத்து அவ்வியல்பிற்குத் தடை ஏது?

இவ்விடத்து நம் தெருக்கூத்து நினைவிற்கு வருகின்றது. தொண்டை மண்டலத்துத் திரௌபதியம்மன் கோயில் விழாக்களிற் பாரதக் கூத்துக் கண்டோர்க்குக் கர்ணன் கதையைச் சொல்லவேண்டுவதில்லை. இந்திரன் அளித்த சக்தி ஆயுதம் ஒரேயொரு முறை செல்லும். அதனை அருச்சுனனுக்கென்று அவன் பொத்தி வைத்திருந்தான். பதினாலாம் நாள் இரவில் கடோற்கசன் மீது ஏவவேண்டி வந்தது. பரசுராமர் சாபமோ மந்திரம் வேண்டும்போது மறக்கும் என்பது. இவ்வரம்புகளை அரங்கில் நிற்கும் கர்ணன் மட்டுமா அறிவான்? பாயில் அமர்ந்திருக்கும் பாட்டியும் அறிவாள். அறிந்திருப்பதனாலேயே கடோற்கசன் புகும்போது அவள் உறக்கம் கலைந்து நிமிர்கின்றாள். விலை யாவர்க்கும் தெரிந்திருந்தாலன்றி மந்திரத்திற்கு வியப்பே இல்லை.

ஆதலின் எம் இரண்டாம் உள்விதி: மந்திரவாதியாக ஆடுபவர் தாம் அன்று ஏவக்கருதும் மந்திரம் ஒவ்வொன்றையும் அஞ்சலட்டை அளவான அட்டையில் தமிழில் எழுதிவரவேண்டும். எத்துணைத் தொலைவு செல்லும், யாரைத் தாக்கும், யாருக்குச் செல்லாது, எவ்வளவு நேரம் நிற்கும், எதனால் குலையும் என்னும் ஐந்தும் அதில் இருத்தல் வேண்டும். ஆட்டம் தொடங்குமுன் உரக்கப் படித்து அட்டைகளை மேசை நடுவில் வைக்கவேண்டும். அட்டையில்லா மந்திரம் அன்று செல்லாது. ஒருமுக மந்திரம் நிற்கும்போது அதன் அட்டையைப் போர்வீரனிடம் கொடுத்துவிடலாம். அவன் கையில் ஓர் அட்டைக்கு மேல் சேராது. இவ்விதியை மந்திரவாதி மேல் சுமத்திய தண்டனை என்று கொள்ளற்க. முதலில் முணுமுணுப்பவர் அவரே. ஆனால் தமிழில் எழுதப் புகுந்த பின்னரே தம் மந்திரத்தை அவர் முழுதும் உணர்கின்றார்.

ஒரு கதை முடிந்து அடுத்த கதை தொடங்கும்போது வேடங்கள் மாறவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அட்டைகள் ஆயத்தமாக இருப்பதனால் வாளெடுத்தவர் மந்திரக்கோலை எடுக்க அஞ்சவேண்டுவதில்லை. இவ்விதிகளைக் கதையின் நடுவே மாற்றலாகாது. மாற்றுவதாயின் மந்திரவாதியாக ஆடுபவரும் உடன்பட்ட பின்னரே மாற்றவேண்டும்.

எழுதத் தொடங்குவோர் தீக்கோளம், ஆட்கட்டு, பூட்டுத்திறப்பு என்னும் மூன்றினின்றும் தொடங்குக. மேசைகளிற் பூசல் பெரிதும் எழுவது இம்மூன்றினாலேயாம். எழுதிய அட்டைகளை விடுதி வாசகசாலையில் ஒரு பெட்டியில் இட்டு வைத்தால், அடுத்த ஆண்டு வரும் மாணாக்கர் மீண்டும் எழுதவேண்டிய தொல்லை இல்லை. பிழை கண்டவர் அட்டையின் பின்புறத்திற் குறித்து வைக்கலாம்.