வழிகாட்டியை யார் தேடித் தருவது?

தாமிரபரணிக் கரையில் ஒரு கல்லூரியில் என் தோழி வேதியியல் உதவிப் பேராசிரியர். என்னைப் போலவே அவரும் முதல் தலைமுறைப் பட்டதாரி. 69 விழுக்காடு இடஒதுக்கீடு அவரை வேலைவரை கொண்டுவந்து சேர்த்தது. ஆய்வுக்கு?

அதற்குத்தான் ஒன்றிய அரசின் ‘டேர்’ திட்டம் இருக்கிறது என்றார்கள். மாநிலப் பல்கலைக்கழக, கல்லூரி அறிவியல் ஆசிரியர்கள் ஐ.ஐ.டி., ஐசர் போன்ற நிறுவனங்களில் ஒரு வழிகாட்டியின் துணையோடு பகுதிநேரமாக ஆய்வு செய்யலாம். நல்ல திட்டம்தான். துறைத்தலைவரின் தயவை நம்பிக் கிடக்காமல் வெளியே ஒரு துணை கிடைப்பது நம்மவர்களுக்கு எவ்வளவு பெரிய விடுதலை!

ஆனால் வழிகாட்டியின் சம்மதத்தை விண்ணப்பிப்பவரே வாங்கிவர வேண்டும். தோழி பதினோரு மின்னஞ்சல்கள் அனுப்பினார். ஒருவரும் பதில் போடவில்லை. உடன் பணிபுரியும் இன்னொருவருக்கு மாமாவின் ஒரு தொலைபேசி அழைப்பே போதுமானதாக இருந்தது. இதில் யாரும் சாதிப் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. அப்படி அழைக்க யாருக்கு மாமா இருக்கிறார் என்பதிலேயே சாதி இருக்கிறது.

இதுவும் நிரந்தரப் பணியில் இருப்பவர்களின் கதை. அதே வகுப்பை எடுக்கும் கௌரவ விரிவுரையாளர் விண்ணப்பிக்கவே முடியாது.

நாம் சலுகை கேட்கவில்லை. வழிகாட்ட முன்வருவோரின் பட்டியலை வெளியிடுங்கள். ஆய்வுத் தலைப்பைப் பார்த்து நிதி தரும் அமைப்பே இணைத்து வைக்கட்டும். கௌரவ விரிவுரையாளர்களையும் சேருங்கள். யார் யாருக்கு வழிகாட்டினார்கள் என்ற சமூகவாரிக் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். கணக்கு வெளியே வராதவரை, தகுதி என்ற பெயரில் தொடர்புதான் தேர்வாகிக்கொண்டிருக்கும்.