குண்டு மானிட்டரை உடைக்காதீங்க!



நம்ம பள்ளிக்கூடத்துப் பழைய சாமான் அறையில் கிடக்கிற முதுகு பெருத்த மானிட்டர்களை எடைக்குப் போட்டுவிடலாம் என்று பேச்சு அடிபடுகிறது. "இடத்தை அடைக்குது, கரண்ட் தின்னுது, ஒழியட்டும்" என்கிறார்கள் பலர். நான் மாறுபடுகிறேன்.

எனக்கு அந்தக் குண்டு டப்பா மேல் பிரியம் உண்டு. சுவிட்சைப் போட்டதும் 'டொய்ங்' என்று ஒரு சத்தம். திரைப் பக்கம் கையைக் கொண்டு போனால் ரோமம் சிலிர்க்கும்! நம்மில் பல பேர் வீட்டில் இதன் தம்பியும் உண்டு. அதுதான் அரசு கொடுத்த 14 அங்குல கலர் டி.வி. 2006 செப்டம்பர் 15-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு ஒரு கோடிக்கும் மேல் பெட்டிகள் போயின. 2011-ல் அது நின்று, அதே செப்டம்பர் 15-ல் இலவச மடிக்கணினி வந்தது. குண்டு போய் ஒல்லி வந்த கதை இதுதான். எங்க ஆச்சி வீட்டு டி.வி. மேலே சூட்டுக்குப் பூனை படுத்துத் தூங்கும். ஒல்லி டி.வி. மேலே படுக்க முடியுமா?

அது ஏன் அவ்வளவு பெரிசு? பின்னால் கழுத்தில் இருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் முன்கண்ணாடி வரை பாய வேண்டும். கழுத்தில் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளின் காந்தப்புலம் அவற்றை வளைத்துத் திரை முழுவதும் ஓடவிடும். விழுந்த இடத்தில் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள் ஒளிரும். 1897-ல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்தது இந்த வகைக் குழாயை வைத்துத்தான். அதே வருஷம் ஜெர்மனியில் பெர்டினாண்ட் பிரௌன் ஒளிரும் திரை வைத்த குழாயைச் செய்தார். நாம் மனப்பாடம் பண்ணுகிற பாடம் அந்த அறையில் தூசி படிந்து கிடக்கிறது!

ஆனால் பிரியம் வேற, ஆபத்து வேற. எக்ஸ் கதிர் வெளியே வராமல் தடுக்க அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறார்கள். உள்ளே வெற்றிடம். சுத்தியலால் அடித்தால் சில்லு சிதறிக் கண்ணில் பாயும். செம்புக் கம்பியை மட்டும் உருவிக்கொண்டு கண்ணாடியை ஓடையில் கொட்டினால் என்ன ஆகும்? நம்ம சிற்றாறு சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருகிறது. அந்தத் தண்ணீரைக் குடிப்பது யார்?

என் கருத்து இரண்டுதான். ஒன்று, ஓடுகிற மானிட்டர் ஒன்றை மட்டும் அறிவியல் ஆய்வகத்தில் வைப்போம். ஆசிரியர் முன்னிலையில் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டு போய், படம் வளைவதை எல்லோரும் பார்க்கட்டும். இரண்டு, மற்றவற்றை உடைக்காமல், பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடம் ஒப்படைப்போம். மின்னணுக் கழிவுக்கென்று 2012 மே முதலே நம் நாட்டில் தனி விதிகள் உண்டு. வீட்டு டி.வி.க்கும் இதே வழிதான்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். இந்த யானை செத்தால் கிடைப்பது சில்லறைதான், தொல்லையோ ஆயிரம்! தாமிரத்துக்கு ஆசைப்பட்டுத் தாமிரபரணியைக் கெடுக்கலாமா? சிந்திப்பீர்!