மைலேஜ் குறைஞ்சது, விலை ஏன் குறையல?

பேட்டையிலிருந்து ஜங்ஷனுக்கு தினமும் பழைய ஆல்ட்டோ, சான்ட்ரோவில் போறவங்க கவனத்துக்கு!

டயர்ல காத்து கம்மி, டிராஃபிக் எல்லாம் மைலேஜைக் குறைக்கும்தான். ஆனா இப்போ பங்க்ல போடுறது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. 10% கலப்புக்கு அமைத்த கார்களில் மைலேஜ் 6-7% குறையும் என்று 2021-லேயே நிதி ஆயோக் அறிக்கை சொல்லிவிட்டது.

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த கார் இனி 14. மாசம் 1,000 கிலோமீட்டர் ஓடினா கிட்டத்தட்ட 5 லிட்டர் கூடுதல்.

இந்த இழப்பை ஈடுகட்ட, கலப்பு பெட்ரோலின் விலை குறைவா இருக்கணும்னும் அதே அறிக்கை சொன்னது. அது எங்கே?

கரும்பு விவசாயிக்கு நல்லது நடக்கட்டும். அதுக்கான செலவை பழைய கார் வச்சிருக்கிறவர் தலையில கட்டாதீங்க. ஒன்றிய அரசே, விலையைக் குறை!