விசிட் விசாவில் வேலையா?

திருச்சி விமான நிலையத்து வாசலில் சற்று நேரம் நின்றால், நம் சுற்று வட்டாரமே அங்கே கூடியிருப்பது போலத் தோன்றும். புதுக்கோட்டை, பெரம்பலூர், தஞ்சாவூர் என்று வேனில் வந்து இறங்குவார்கள். சிங்கப்பூர் போகிறவர் ஒருவர், வழியனுப்ப வந்தவர்கள் பத்துப் பேர்! குழந்தையைத் தாயாரிடம் விட்டுவிட்டு, வீட்டு வேலைக்கென்று விமானம் ஏறும் பெண்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. நம் வீட்டில் வேலை செய்கிறவளே நாளைக்கு நம்மிடம் யோசனை கேட்டு வரலாம். அதனால் இந்த விவரமெல்லாம் நமக்கும் தெரிந்திருப்பது நல்லது.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க வருகிறவளின் தங்கைக்கு 26 வயசு. எட்டாம் வகுப்பு தேறியவள். புருஷன் இல்லை, ஒரு குழந்தை. குவைத்தில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஒரு ஏஜெண்ட் முன்பணம் வாங்கியிருக்கிறார். "விசிட் விசாவுல போய் இறங்கினாப் போதுமாம் மாமி. அங்கே வேலை விசாவா மாத்திக்கலாமாம். ஏர்போர்ட்டுல கேட்டா, சொந்தக்காரங்களைப் பார்க்கப் போறேன்னு சொல்லணுமாம்" என்றாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஏன் தெரியுமா? பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்குப் பெரும்பாலும் 'இ.சி.ஆர்.' பாஸ்போர்ட்தான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு குவைத், சௌதி, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதானால், 1983-ஆம் வருஷத்துச் சட்டப்படி நம் அரசின் அனுமதி பெற வேண்டும். 30 வயசு ஆகாத பெண்ணுக்கு அந்த அனுமதி கிடையாது. அந்தத் தடையைத் தாண்டத்தான் ஏஜெண்ட் விசிட் விசா என்கிறார். அதில் போனவளுக்குச் சம்பளம் தராமல் ஏமாற்றினால், யாரிடம் போய்ப் புகார் சொல்வாள்? சொல்லப் போனால் இவளே குற்றவாளி! அனுமதியோடு போகிறவர்களுக்கு உள்ள 10 லட்ச ரூபாய் இன்ஷூரன்ஸும் இல்லை. இத்தனைக்கும் இரண்டு வருஷத்துக்கு அதற்குக் கட்டணம் 275 ரூபாய்தான்.

இதையெல்லாம் சொன்னதும், "அப்போ முப்பது வயசு வரைக்கும் என் குழந்தை பசியோட இருக்கணுமா மாமி?" என்று கேட்டாள் தங்கைக்காரி. நியாயமான கேள்வி. பெண்களைக் காப்பாற்றப் போட்ட விதியே, கஷ்டப்படுகிறவர்களைக் கொல்லைப்புற வழிக்குத் துரத்துகிறது என்றுதான் எனக்கும் படுகிறது.

ஆனால் சிங்கப்பூர் அந்த 18 நாடுகளில் சேராது. அங்கே வீட்டு வேலைக்கு 23 வயசு நிரம்பி, எட்டு வருஷப் பள்ளிப் படிப்புக்குச் சான்றிதழும் இருந்தால், எஜமானர் இவள் பெயரில் வேலை பர்மிட் கேட்கலாம். புறப்படும் முன்பே அனுமதிக் கடிதம் வந்துவிடும். சம்பளம் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். படிக்க முடியாவிட்டால் தெரிந்தவர்களிடம் கொடுத்து வரி வரியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அரசுக்குக் கட்டும் லெவி, இன்ஷூரன்ஸ், ஆறு மாசத்துக்கு ஒரு தரம் செய்யும் மருத்துவப் பரிசோதனை எல்லாம் எஜமானர் செலவு. சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு. சிலர் அதற்குப் பதில் பணம் கொடுத்து வேலை வாங்கிவிடுவார்கள். 2023 முதல், மாசத்தில் ஒரு நாளையாவது அப்படிப் பணம் கொடுத்து மாற்ற முடியாது. பாஸ்போர்ட்டை எஜமானி வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்ளவும் உரிமை இல்லை.

முப்பதைத் தாண்டியவர்கள் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போக விரும்பினால், 1978-ல் தமிழக அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை முதலில் கேளுங்கள். தனியார் ஏஜெண்ட் யாராக இருந்தாலும் மத்திய அரசில் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான வரியும்தான். லட்சக் கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பர்மிட், ஒப்பந்தம், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் ஒரு ஜெராக்ஸ் பிரதி ஊரில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கட்டும். கொடுக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்க வேண்டும். தங்கைக்காரி இப்போது எட்டாம் வகுப்புச் சான்றிதழுக்காகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்துகொண்டிருக்கிறாள். ரசீது இல்லாமல் கொடுத்த முன்பணத்தை ஏஜெண்ட் இன்னும் திருப்பித் தரவில்லை.